சட்டைப் பையில் மூன்று பீஸ் கட்டைகள்

மோட்டார் பாகங்கள் விற்கப் புதிதாகக் கடை திறந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு, அருப்புக்கோட்டையில் அதே வேலையைச் செய்து தலை நரைத்து, இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் ஆகி வீட்டில் உட்கார்ந்திருப்பவன் எழுதுவது. மோட்டாருக்குக் காயில் கட்டுவது எப்படி, பேரிங் கழற்றுவது எப்படி என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதை உங்கள் கை ஆறு மாதத்தில் தானாகக் கற்றுக்கொள்ளும். ஒருவர் பழைய பாகத்தைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்து, இதே மாதிரி ஒண்ணு கொடுங்க என்று நிற்கும்போது உங்கள் மண்டைக்குள் என்ன ஓட வேண்டும் என்பதுதான் என் பேச்சு.

என் மண்டைக்குள் அந்தக் காலத்தில் பெரிதாக எதுவும் ஓடவில்லை. ஒரு முறை பாளையம்பட்டி மாவு மில்காரர், எரிந்துபோன ஐந்து குதிரைச் சக்தி மோட்டாருக்குப் பதில் வேறு ஒன்று கேட்டார். குதிரை ஐந்து. போல்ட் துளை நான்கும் பொருந்தியது. ஷாஃப்ட் கனமும் சரி. சந்தோஷமாக வண்டியில் ஏற்றி அனுப்பினேன். வேகத்தை மட்டும் பார்க்கவில்லை. பழையதைவிட அது இரண்டு மடங்கு சுற்றும். மறுநாள் ஊரார் கேப்பையெல்லாம் காபித்தூள் நிறத்தில் வந்து விழுந்திருக்கிறது. மில்காரர் நல்ல மனுஷர், பார்க்கிற இடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. பாகம் தப்பாகப் போனால் மாவு கருகும், அதற்கு மேல் ஒன்றும் ஆகாது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

எண்பதுகளின் பிற்பாதியில், மழை பொய்த்த ஒரு கோடையில் அந்த நினைப்புப் போனது.

எம்.ரெட்டியபட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி, திருச்சுழிப் பக்கமாகக் கருவேலங்காட்டுக்குள் மூன்று மைல் நடந்தால் ஒரு ஊர் வரும். பெயர் வேண்டாம். கிறிஸ்தவர்கள் பாதி, இந்துக்கள் பாதி, ஆடும் கரிமூட்டமும்தான் பிழைப்பு. ஊர் மேட்டில் இருக்கிறது. கிணறு பள்ளத்தில், வறண்ட ஓடையின் கரையில். கிணற்று வாயில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள், மூடிப்போன ஏதோ ஒரு மில்லிலிருந்து ஊரார் சேர்ந்து வாங்கிய மோட்டார். சாதாரண மோட்டார் படுத்திருக்கும். இது இரண்டு தண்டவாளத்தின் மேல் ஓர் ஆள் போல நிமிர்ந்து நிற்கும். அதன் அடியிலிருந்து நீளமான ஷாஃப்ட் கிணற்றுக்குள் இறங்கி, தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் பம்பைச் சுழற்றும்.

ஏறுகிற தண்ணீர் மேட்டிலுள்ள டேங்கின் அடிப்பக்கத்தில் போய் நுழையும். டேங்கின் தலைவரை ஏற்றக் குழாய் போதவில்லை என்று யாரோ அடியிலேயே கொடுத்துவிட்டார்கள். ஆகவே ஏறின தண்ணீர் மறுபடி கிணற்றுக்கே இறங்கிவிடாமல் பிடித்து வைப்பது, கொட்டகைக்கு வெளியே குழாயில் இருந்த ஒரே ஒரு வால்வின் பொறுப்பு. அதற்குள் கீல் வைத்த கதவு போல ஒரு ரப்பர் தட்டு உண்டு. தண்ணீர் மேலே போகும்போது திறக்கும், நின்றால் மூடிக்கொள்ளும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மேற்கொண்டு நான் சொல்வது எல்லாம் விளங்கும்.

அந்த மோட்டாரை ஓட்டினவர் சவரிமுத்து. நாற்பது வயதிருக்கும். அவரைப் போல நிதானமான ஆளை நான் பார்த்ததில்லை. மோட்டாரை நிறுத்துவார், மெயின் பெட்டியைத் திறப்பார், பீங்கான் பீஸ் கட்டை மூன்றையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார். தினமும் இதுதான். பீஸ் கட்டை இல்லையென்றால் லைனுக்கும் மோட்டாருக்கும் தொடர்பே கிடையாது. பிள்ளைகள் யாராவது கொட்டகைக்குள் புகுந்து விளையாடினாலும் ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்பது அவர் எண்ணம். மோட்டார் ஓடுகிறதா என்று மேட்டிலிருந்தே பார்ப்பதற்காக, மோட்டாருக்குப் போகிற ஒயரிலேயே இரண்டு பல்பைச் சேர்த்துக் கொட்டகை வாசலில் தொங்கவிட்டிருந்தார். மோட்டார் ஓடினால் எரியும், நின்றால் அணையும்.

அந்த வருஷம் முழுக்க மூன்று பேஸ் கரண்ட் காலையில் கொஞ்ச நேரம்தான் வரும். மற்ற நேரம் இரண்டு பேஸ்தான். இரண்டு பேஸில் மோட்டாரை எடுத்து ஓட்ட எல்லோரும் கண்டன்சர் என்கிற பெட்டியைக் கேட்டார்கள், கரண்டைத் தேக்கி மோட்டாருக்குத் தருவது அது. சவரிமுத்துவும் கேட்டார். அந்த மோட்டாருக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டால் என்னிடம் இருந்தது அதைவிட ரொம்பப் பெரியது. மதுரைக்கு ஆள் அனுப்பினால் சரியானது இரண்டு நாளில் வந்துவிடும். எனக்குப் பொறுமை இல்லை. பெரியதாக இருந்தால் இன்னும் நன்றாக எடுக்கும் என்று அவரிடம் சொல்லி, நானே போய், மோட்டாரில் ஒயர் வந்து சேர்கிற டெர்மினலிலேயே நேராக இணைத்துவிட்டு வந்தேன். மோட்டார் ஜோராக எடுத்தது. ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள்.

மூன்று நான்கு மாதம் கழித்து அவர் அந்த வால்வின் ரப்பர் தட்டைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்தார். விளிம்பு பிய்ந்து போயிருந்தது. என்னிடம் அதே வட்டத்தில் ஒரு தட்டு இருந்தது. கனம் மட்டும் பாதி. வீடுகளுக்கு மாடித் தொட்டிக்குப் போடுகிற ரகம். வைத்துப் பார்த்தேன், துளைக்குத் துளை சரியாக உட்கார்ந்தது. எடுத்துக் கொடுத்தேன். எந்த உயரத் தண்ணீரை அது தாங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கேட்க வேண்டியவன் நான்தான்.

இரண்டு வாரத்தில் அந்த ஊரைப் பற்றிப் பேச்சுக் கிளம்பிவிட்டது. காலையில் நிரப்பின டேங்க் பொழுது சாய்வதற்குள் காலியாகிவிடுகிறதாம். ஒழுகின தடம் எங்குமே இல்லையாம். உச்சிப் பொழுதில் கொட்டகையிலிருந்து முனகுகிற சத்தம் கேட்கிறதாம். கிணறு வெட்டின காலத்தில் வெடி வைத்தபோது ஒரு கூலியாள் பாறைக்கு அடியில் போனவர், முழு உடம்பாகக் கிடைக்கவில்லை. அவர் தண்ணீர் கேட்கிறார் என்றார்கள். கொடுத்த தண்ணீரைக் கிணறு திரும்ப வாங்கிக்கொள்கிறது என்று பஸ்ஸில் ஒரு அம்மா சொன்னதை நானே கேட்டேன். மத்தியானத்தில் அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிறவர்கள்கூடப் போவதை விட்டுவிட்டார்கள்.

பிறகு சவரிமுத்து கடைக்கு வந்தார். கல்லா ஓரமாக நின்று மற்ற ஆட்கள் போகும்வரை காத்திருந்தார். முந்தின நாள் மத்தியானம் சத்தம் கேட்டு இறங்கிப் போனாராம். பீஸ் கட்டை மூன்றும் தன் பையில் இருந்ததாம். மோட்டார் சுற்றிக்கொண்டிருந்ததாம், வாசலில் பல்பு இரண்டும் எரிந்ததாம்.

"பையத் தொட்டுத் தொட்டுப் பாத்தேன் அண்ணாச்சி. மூணும் எங்கிட்டத்தான் இருக்கு. அது பாட்டுக்குச் சுத்துது" என்றார்.

நான் சிரித்தேன். வெயிலில் நடந்தால் அப்படித்தான் தெரியும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. சும்மா அனுப்பக் கூடாதே என்று, டெர்மினலில் ஏதாவது லூசாக இருக்கும், மூடியைக் கழற்றி நட்டையெல்லாம் ஒரு தடவை இறுக்கிவிடுங்கள் என்று சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். இந்த ஒரு வரியை எழுதுவதற்குத்தான் இவ்வளவு வருஷம் ஆகியிருக்கிறது.

ஐந்தாம் நாள் அவர் இறந்துபோனார். டெர்மினல் மூடி கழற்றிக் கிடந்தது. ஒரு கையில் ஸ்பேனர். இரண்டு உள்ளங்கையிலும் கருப்பாக ஒரு புள்ளி. முதலில் ஓடிப் போய்ப் பார்த்தவர் அவர் மனைவி ஆரோக்கியம். பீஸ் கட்டை மூன்றும் அவர் சட்டைப் பையில் இருந்தன என்று ஆரோக்கியம் சொன்னார். போலீஸ், ஆஸ்பத்திரி என்று இழுக்க வேண்டாமென்று ஊர்ப் பெரியவர்கள் அன்றைக்கே அடக்கம் செய்துவிட்டார்கள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் சவரிமுத்துவின் தம்பி மரியதாஸ் என் கடைக்கு வந்தார். ஒரே கேள்விதான் கேட்டார். பீஸ் கட்டையைப் பிடுங்கின பிறகு மோட்டாரில் கரண்ட் இருக்குமா? நான் ஒரு பேரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமலே, இருக்காது என்றேன். அவர் போய்விட்டார்.

அந்த ஒற்றைச் சொல் ஊருக்குப் போய் என்ன செய்தது என்று எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, ஆரோக்கியமே வந்து சொன்னபோது. கடைக்கு வெளியே படியில் உட்கார்ந்து, கோபமே இல்லாத குரலில் சொன்னார். பீஸ் கட்டையைப் பிடுங்க மறந்து சவரிமுத்து கையை வைத்திருக்கிறார், அந்தக் கெட்ட பெயர் வராமல் இருக்க மனைவிதான் பிறகு கட்டைகளைப் பிடுங்கிப் பையில் போட்டிருக்கிறாள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டதாம். இவர் மாதா கோயிலில் எல்லோருக்கும் முன்னால் சத்தியம் செய்தாராம். அதற்குப் பிறகு இன்னும் மோசமாகிவிட்டது. மோட்டார்க் கடைக்காரரே இருக்காது என்று சொன்னபிறகு, அது பொய்ச் சத்தியமாகிவிட்டது.

"பச்சப்பிள்ளைக்குக் காச்ச வந்தாலும் எம் பொய்ச் சத்தியந்தான் காரணங்குறாக. கோயில்ல எம்பக்கத்துல யாரும் முட்டி போட மாட்டேங்குறாக. அண்ணாச்சி, பீஸ் கட்ட இல்லாம அது ஓடுமா, ஓடாதா?"

ஓடாது அம்மா, என்றேன். உண்மையிலேயே அப்படித்தான் நம்பினேன். அதோடு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஓடாது என்று இருப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது.

அவர் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "அப்ப ஒரு நா வந்து பாருங்க" என்றார்.

இரண்டு நாள் கழித்துப் போனேன். போகிற வழியில்தான் மற்றதெல்லாம் தெரிந்தது. சவரிமுத்து இறந்தபிறகு மோட்டாரை யாரும் தொடவில்லை. பெண்கள் இரண்டு மைல் தாண்டிப் போய்த் தண்ணீர் எடுக்கிறார்கள். பங்குச் சாமியார் வந்து செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். மறுநாள் மற்றவர்கள் கிடா வெட்டினார்கள். அதோடு முனகல் நின்றுவிட்டது என்று இரண்டு தரப்பும் பெருமைப்பட்டுக்கொண்டது. மோட்டார் ஓடவில்லை, ஆகவே டேங்கில் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாததால் சத்தமும் இல்லை. இது எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஆரோக்கியம் கொட்டகைச் சாவியோடு காத்திருந்தார். ஊரில் ஒருவரும் கூட வரவில்லை. காலைக் கரண்டில் அவரே மோட்டாரைப் போட்டார். டேங்க் நிறைந்ததும் நிறுத்தினார். பெட்டியைத் திறந்து மூன்று கட்டைகளையும் பிடுங்கினார். என்னிடம் வந்து, ஒவ்வொன்றாக என் சட்டைப் பையில் போட்டார்.

"உங்க கிட்டயே இருக்கட்டும்" என்றார்.

கொட்டகைக்கு எதிரே ஓர் உடைமரம். அதன் அரைகுறை நிழலில் உட்கார்ந்தோம். வெயில் ஏறியது. குழாய் ஓடைக் கரையோரம் மேட்டை நோக்கிப் படுத்திருந்தது. தொட்டால் சுடும் அளவுக்குக் காய்ந்துவிட்டது. காற்று இல்லை. ஒரு குருவிகூடக் கத்தவில்லை. பத்து மணியும் ஆயிற்று, பதினொன்றும் ஆயிற்று. ஒன்றும் நடக்காது, சாப்பாட்டு நேரத்துக்கு பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா கண்ணை மூடாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சூரியன் தலைக்கு நேரே வந்தபோது குழாய்க்குள் ஒரு சத்தம். யாரோ பெரிதாக ஒரு மிடறு விழுங்குவது போல. பிறகு இன்னொரு மிடறு. பிறகு தொடர்ச்சியாக.

கொட்டகைக்குள் இரும்பு லேசாக உரசியது. எழுந்து வாசலில் போய் நின்றேன். இருட்டுக்குள் அந்த மோட்டாரின் அடியில் ஷாஃப்ட் மெல்லத் திரும்பியது. நின்றது போலிருந்தது. மறுபடி திரும்பியது. வேகம் கூடக் கூட முனகல் எழுந்தது. என் கை தானாகப் பைக்குப் போனது. கட்டை மூன்று. எண்ணிப் பார்த்தேன், மூன்றுதான். நிமிர்ந்தபோது என் முகத்துக்கு நேரே தொங்கின பல்பு இரண்டிலும் கம்பி சிவந்தது. சிவந்து, மஞ்சளாகி, பளிச்சென்று எரிந்தது.

தம்பிகளா, நான் பயந்தேன். அதை மறைப்பதில் அர்த்தமில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓட வேண்டும் என்றுதான் என் கால் சொன்னது. படித்த படிப்பு, கட்டின காயில், விற்ற சாமான் ஒன்றும் எனக்கு அந்த நேரம் துணைக்கு வரவில்லை. அந்த அம்மா மட்டும் ஓடாமல் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அவுக உள்ள போனதும் இந்நேரந்தான்" என்றார். கொஞ்சம் விட்டு, "அது திருப்பிச் சுத்துது, பாத்தீகளா" என்றார்.

நான் பார்த்திருக்கவில்லை. அவர் சொன்னபிறகுதான் பார்த்தேன். காலையில் சுற்றின திசைக்கு எதிர்த் திசையில் சுற்றிக்கொண்டிருந்தது. ஆவி மோட்டாரைச் சுழற்றினால் எந்தத் திசையில் சுற்றும் என்று எனக்குத் தெரியாது. தண்ணீர் திரும்பி இறங்கினால் எந்தத் திசையில் சுற்றும் என்று தெரியும். அங்கேதான் என் மூளை திரும்பி வந்தது.

எதையும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மேட்டில் டேங்கடியில் இருந்த, கையால் திருகி மூடுகிற கேட் வால்வை மூடச் சொன்னேன். ஆரோக்கியம் ஓடிப்போய் மூடினார். மோட்டார் தளர்ந்தது. பல்பு மங்கி அணைந்தது. ஷாஃப்ட் நின்றது. நான் கண்டன்சரின் இரண்டு முனையையும் கட்டைப்பிடி ஸ்க்ரூ டிரைவரால் தொட்டு, அதிலிருந்த மிச்ச மின்சாரத்தை இறக்கிவிட்டு, ஒயரைக் கழற்றித் தனியே வைத்தேன். மறுபடி திறக்கச் சொல்லிக் கை காட்டினேன். மோட்டார் அதே வேகத்தில் திரும்பிச் சுற்றியது. ஆனால் முனகல் இல்லை. பல்பு எரியவில்லை.

விஷயம் இவ்வளவுதான். நான் கொடுத்த மெல்லிய தட்டு, டேங்க் உயரத்துத் தண்ணீரைக் காலையில் எப்படியோ தாங்கியிருக்கிறது. வெயிலில் குழாய் காய்ந்து ரப்பர் இளகினதும் மடிந்து வழி விட்டிருக்கிறது. தண்ணீர் இறங்கி மோட்டாரைத் திருப்பிச் சுழற்றியது. சும்மா சுற்றுகிற மோட்டார் யாரையும் கொல்லாது. அதன் டெர்மினலில் நான் கட்டியிருந்த அளவுக்கு மீறின கண்டன்சர்தான், சுற்றுகிற மோட்டாரையே கரண்ட் உண்டாக்குகிற மிஷினாக மாற்றியது. லைன் தேவையில்லை, பீஸ் கட்டை தேவையில்லை. தட்டு மட்டும் தப்பாகப் போயிருந்தால் டேங்க் காலியாகும். கண்டன்சர் மட்டும் தப்பாகப் போயிருந்தால் மோட்டார் கொஞ்சம் சூடாகும். இரண்டையும் ஒரே மனுஷனுக்குக் கொடுத்தவன் நான். சவரிமுத்து கட்டைகளைப் பிடுங்கி, மோட்டார் அசையாமல் நிற்பதைப் பார்த்து, நான் சொன்னபடி நட்டை இறுக்கிக்கொண்டிருந்தபோது தட்டு மடிந்திருக்கிறது.

ஆரோக்கியம் இறங்கி வந்து, கழற்றி வைத்த கண்டன்சர் பெட்டியைப் பார்த்தார்.

"இந்தப் பெட்டிதானா?"

ஆமாம் என்றேன்.

"இதப் போட்டது யாரு?"

ஊர்க்காரருக்கு அது தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் என் வாயால் வர வேண்டும் என்று நின்றார். நான்தான் போட்டேன் என்றேன். நட்டை இறுக்கச் சொன்னதும் நான்தான் என்றேன். அவர் கொட்டகையைப் பூட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் இதை எல்லோருக்கும் சொல்லச் சொன்னார்.

நடுவில் இருந்த மூன்று நாளும் எனக்குத் தூக்கமில்லை. கேஸாகும், கடை போகும், சொந்தக்காரர்கள் ஏசுவார்கள். ஊரே ஆவி என்று நம்புகிறது, தட்டையும் பெட்டியையும் சத்தமில்லாமல் மாற்றிவிட்டு வந்துவிடலாமே என்று ஒரு புத்தி சொல்லிக்கொண்டே இருந்தது. அப்படிச் செய்திருந்தால் அந்த அம்மா சாகிறவரை பொய்ச் சத்தியக்காரிதான். அதை நினைத்துத்தான் பஸ் ஏறினேன்.

கோயில் வாசலில் நின்று சொன்னேன். கண்டன்சர், தட்டு, சிரித்தது, நட்டை இறுக்கச் சொன்னது, எல்லாம். நடந்தது என்னவென்றால், ஒருவரும் நம்பவில்லை. கேள்வியில் கவனமே இல்லாமல், தலையைத் தூக்காமல் நான் சொன்ன ஒரு சொல்லை ஊரே வேதவாக்காக எடுத்துக்கொண்டது. உடம்பெல்லாம் வேர்க்க நின்று சொன்ன உண்மையை, பாவம் நல்ல மனுஷர் என்று ஒதுக்கியது.

மரியதாஸ் என் தோளைத் தொட்டார். "எங்க மதினிக்காகப் பழியத் தூக்கித் தலையில போட்டுக்கிறீக அண்ணாச்சி. அன்னைக்கி நீங்கதான இருக்காதுன்னு சொன்னீக" என்றார்.

அவரையே பள்ளத்துக்குக் கூட்டிப்போனேன். பின்னால் ஊரும் வந்தது, தூரத்தில் நின்றுகொண்டது. காலையில் பூசைக்கு முன்பே வந்து கண்டன்சரைப் பழையபடி இணைத்துவிட்டிருந்தேன். ஆரோக்கியம் டேங்கை நிரப்பிவிட்டுத்தான் பூசைக்குப் போயிருந்தார். மரியதாஸையே கட்டைகளைப் பிடுங்கச் சொன்னேன். பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார். மற்றவர் யாரும் கொட்டகைப் படியைத் தாண்டக் கூடாது என்று குறுக்கே ஒரு கயிறு கட்டிவிட்டு உட்கார்ந்தோம்.

நேரம் வந்ததும் குழாய் விழுங்கத் தொடங்கியது. கூட்டத்தில் ஒரு குழந்தை அழுதது, அதன் வாயை யாரோ பொத்தினார்கள். முனகல் ஏறியது. பல்பு இரண்டும் எரிந்தன. மரியதாஸ் தன் உள்ளங்கையைப் பார்த்தார். பல்பைப் பார்த்தார். மறுபடி உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஆரோக்கியத்திடம் போய், மூன்று கட்டைகளையும் அவர் கையில் வைத்தார்.

"அண்ணன் சரியாத்தான் செஞ்சிருக்கான் மதினி" என்றார்.

அதற்குப் பிறகு செய்ததெல்லாம் எளிது. குழாயை டேங்கின் தலைக்கு ஏற்றினோம். கனமான தட்டு, சரியான அளவில் கண்டன்சர், மோட்டாரை நிறுத்தினால் அதுவும் துண்டாகிவிடுகிற மாதிரி ஓர் இணைப்பு. ஒரு வாரம் அங்கேயே தங்கி வேலை செய்தேன். என் மேல் யாரும் கேஸ் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் ஒருவேளை மனசு கொஞ்சம் லேசாகியிருக்கும். மோட்டாரை ஓட்டுகிற வேலையை ஊர் ஆரோக்கியத்துக்கே கொடுத்தது. காரணம் எல்லாம் தெரிந்த பிறகும், மத்தியான வெயிலில் எங்காவது குழாய்க்குள் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டால் எனக்கு இன்றைக்கும் உள்ளங்கை வேர்க்கிறது.

கடைசி நாள், நான் சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பினபோது ஆரோக்கியம் ஓடைக் கரைவரை கூட வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். வழி பிரிகிற இடத்தில் நின்று, ஒரு சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டார்.

"எஞ்சொல்லுக்கு ரெண்டாம் நாளே வந்து பாத்தீக. அவுக வந்து சொன்னப்ப ஏன் அண்ணாச்சி வரல?"

கடையில் ஆள் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அன்றைக்குக் கடையில் இரண்டு ஆள் இருந்தார்கள். பஸ் இருந்தது. மூன்று மைல் நடை. ஒரு மத்தியானம். அவர் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. மோட்டார் போடுகிற நேரமாயிற்று என்று திரும்பி நடந்தார்.

உங்கள் கடைக்கும் ஒருநாள் ஒருவர் வருவார். நடக்கவே முடியாத ஒன்றை, கண்ணால் பார்த்ததாகச் சொல்லுவார். சிரிக்காதீர்கள். கடையைச் சாத்திவிட்டு அவரோடு போங்கள்.